இருக்கை சிவந்திருந்தால்

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் குண்டி கிடையாது. நாற்காலி உண்டு, நாற்காலிக்கு மெத்தை உண்டு, மெத்தைமேல் விரிக்க ஒரு துண்டும் உண்டு. அந்தத் துண்டின்மேல் போய் உட்காருகிற சமாச்சாரத்துக்கு மட்டும் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் பொருளும் இல்லை என்று முடிவாகிவிட்டது. இத்தனை வருஷமாக எதை வைத்து வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் மூளையை வைத்து என்றுதான் சொல்லுவோம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் சுகாதாரத் துறையில் சொல்நாகரிகக் குழுவின் உறுப்பினர் செயலர். பெயரைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள். டாக்டர்கள் எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பதை ஒருத்தருக்கும் புரியாத மாதிரி மாற்றி அச்சுக்கு அனுப்புவதுதான் வேலை. பேதியை 'மிகைக் கழிவுப் போக்கு' ஆக்கியது நாங்கள்தான். சொறியை 'தோல் அமைதியின்மை' ஆக்கியதும் நாங்கள்தான். அதற்கப்புறம் சொறி குறைந்ததா என்று குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. 'எனக்குச் சொறி' என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், அதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. 'தோல் அமைதியின்மை' என்னுடைய கைங்கரியம். பாராட்டி ஒரு கேடயம் கொடுத்தார்கள். காற்றில் கதவு படார் படார் என்று அடிக்காமல் இருக்க மனைவி அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள்.

ஒருநாள் குழந்தை டாக்டரம்மா ஒருவர் ஒரு தாள் எழுதி அனுப்பினார். டயப்பர் போடும் குழந்தைகளுக்கு வருகிற புண்ணைப் பற்றித் துண்டறிக்கை போட வேண்டுமாம். அந்த அம்மா எழுதியது இவ்வளவுதான்:

'டயப்பர் நனைஞ்சா உடனே மாத்துங்க. குழந்தையோட குண்டியை வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. தேய்க்காதீங்க, மெல்லிசு துணியால ஒத்தி எடுங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் போடாம காத்தாட விடுங்க. செவந்திருந்தா வெள்ளைக் களிம்பைக் கெட்டியா பூசுங்க. பவுடர் வேண்டாம். ரெண்டு மூணு நாள்ல குறையலன்னா, இல்ல கொப்புளமோ காய்ச்சலோ வந்தா, தூக்கிட்டு வாங்க.'

இதைப் படித்தால் யாருக்கும் புரிந்துவிடும். அதனால் அவசரக் கூட்டம் போட்டோம்.

கூட்டத்துக்குள் போகும்முன் என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள். கன்னமும் வயிறும் ஒரே அளவு என்பதால் பூசணி என்று கூப்பிடுகிறோம். மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பவர் பார்க்கும் வேலை. பிரசவ லீவு முடிந்து போன மாதம்தான் திரும்பப் போக ஆரம்பித்தாள். பூசணி பகலில் எங்கள் அலுவலகக் கீழ்த்தளத்தில் இருக்கிற குழந்தைக் காப்பகத்தில் இருப்பாள். ஆக, டயப்பர் புண் பற்றி அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் அனுபவ அறிவு இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இயக்குநர் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். நடுவில் இருந்த அந்த ஒரு சொல்லின்மேல் பேப்பர்வெயிட்டை வைத்து மூடினார்.

"இந்தச் சொல் இந்த மேசைக்கு வரலாமா? நான் சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேருந்து எந்தக் கோப்புலயும் இதைத் தொட்டதில்லை. எங்க வீட்லகூட இதைச் சொல்றதில்லை. என் மனைவி 'அது'ன்னு சொல்லுவா. நான் அதுகூடச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"பிட்டம்னு போட்டுடலாமா சார்?" என்றேன்.

"பிட்டம்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியுமேய்யா. அதுதானே பிரச்சினை."

குழுவின் மொழி ஆலோசகரான பேராசிரியர் கனைத்தார். "பிருட்டம், சகனம், நிதம்பம். நம்ம இலக்கியத்துல இதுக்கா பஞ்சம்? ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கி 'ஐயோ, பிருட்டம் சிவந்ததே' அப்படின்னா எவ்வளவு நல்லா இருக்கும்! புண்ணுக்கே ஒரு கௌரவம் வந்துடும். பொதுமக்களுக்குப் புரியாதுங்கிறீங்களா? புரியலன்னா கேப்பாங்க. கேட்டா நான் ஒரு நூல் எழுதுவேன்."

"நிதம்பம் பெண்களுக்குத்தானே வரும்?" என்றேன்.

"ஆண் குழந்தைக்குத் தனியா ஒரு நூல் போட்டுக்கலாம்."

சட்ட அலுவலருக்கு வேறு கவலை. "'குழந்தையோட'ன்னு போட்டிருக்காங்க. எந்தக் குழந்தை? காத்தாட விடச் சொல்றீங்க. அந்தக் காத்துல சளி பிடிச்சா நஷ்டஈடு யார் கொடுக்கிறது? என் ஆலோசனை, 'குழந்தை'ங்கிற வார்த்தையை எடுத்துடலாம். குழந்தையே இல்லன்னா கேஸே இல்ல."

எல்லாரும் அவரை மெச்சினோம். குழந்தையை எடுத்துவிட்டோம். பவுடரையும் எடுத்துவிட்டோம், பவுடர் வியாபாரிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று. டயப்பரை எடுத்துவிட்டு 'ஈரங்காப்பு' என்று வைத்தோம். அந்த ஒரு சொல் மட்டும் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடந்தது. டீ வந்தது, போனது. அப்போதுதான் என் மண்டையில் பல்பு எரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சின்ன வயதில் படித்ததெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

"இருக்கை" என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எதை வைத்து இருக்கிறோமோ, அது இருக்கை. கேட்கவும் கௌரவமா இருக்கு. பார்க்கவும் ஒண்ணும் தெரியாது."

இயக்குநர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேராசிரியருக்குப் பொறாமையில் டீ புரையேறியது. நான் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பூசணியின் காலைத் தூக்கிப் பிடித்துக் கழுவிக்கொண்டே, "குண்டின்னா குண்டிதானே, அதுக்கு எதுக்கு நாலு ஆம்பளைங்க கூட்டம் போடறீங்க?" என்றாள். அறியாமை என்று நினைத்துக்கொண்டேன்.

துண்டறிக்கை அச்சாகி வந்தது. இயக்குநருக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். எல்லா அரசு அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினார். உடனே நிறைவேற்ற வேண்டும், மேற்பார்வைக்கு ஆள் வரும் என்றும் ஒரு வரி சேர்த்தார்.

'இருக்கை நலம் பேணுக. இருக்கை சிவந்திருப்பின் முதற்கண் ஈரங்காப்பை நீக்குக. இருக்கையை வெதுவெதுப்பான நீரால் தூய்மை செய்து, தேய்க்காது ஒற்றி எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். பின் வெண்களிம்பைக் கெட்டியாகப் பூசுக. இருக்கையில் கொப்புளம் தோன்றின் தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்து வரவும்.'

எங்கள் காப்பகத்தில் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள் எல்லாமே சிவப்பு.

சுற்றறிக்கை போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் பூசணியை எடுக்கப் போனபோது காப்பகத்து முற்றத்தில் அத்தனை நாற்காலியும் கவிழ்த்துக் காயப் போட்டிருந்தது. பொறுப்பாளர் அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு நாற்காலியை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆயா ஒருத்தி வெள்ளைக் களிம்பை அள்ளிப் பூசிக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தைகள் எல்லாம் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. பூசணியைத் தூக்கினேன். டயப்பர் கனத்துத் தொங்கியது. காலையில் நான் போட்டுவிட்ட அதே டயப்பர்.

"என்னம்மா, மாத்தவே இல்லையா?"

"எங்க சார் நேரம்? ரெண்டு பேர் கழுவணும், ஒருத்தர் ஒத்தணும், வெயில் போறதுக்குள்ள பூசணும். இன்ஸ்பெக்ஷன் வர்றாங்களாம். ஈரங்காப்பையெல்லாம் காலையிலேயே கழட்டியாச்சு" என்று ஒரு மூலையைக் காட்டினார். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகள் அங்கே குவிந்து கிடந்தன.

"அம்மா, இருக்கைன்னா நாற்காலி இல்லம்மா."

"அப்ப என்ன சார்?"

அந்தச் சொல்லை நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்நாகரிகக் குழுவின் உறுப்பினர் செயலர், அதுவும் ஒரு பெண்மணியிடம், அதுவும் நடு முற்றத்தில்.

"அது வந்து... உட்காருறதும்மா."

"உட்காருறதுதானே சார் நாற்காலி?"

"இல்ல, உட்காருறது இல்ல. உட்காருறப்போ உட்காருறது."

அவர் துணியைப் பிழிந்துகொண்டே என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "உடம்புக்கு முடியலையா சார்? எதுவா இருந்தாலும் எழுத்துல குடுத்துடுங்க. செஞ்சுடறோம்."

நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பேடிப்பயல் என்று யாராவது என்னைத் திட்டினால் கோபம் வராது. நானே அதற்கு ஒரு கௌரவமான சொல் கண்டுபிடித்துத் தருவேன்.

வீட்டில் டயப்பரைக் கழற்றியதும் மனைவி "ஐயோ" என்றாள். பூசணியின் பின்புறம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது. தண்ணீர் பட்டதும் வீல் என்று அலறினாள். அந்த அலறலை எனக்குத் தாங்கவே முடியவில்லை. களிம்பு வாங்க ஓடினேன். முதல் மருந்துக் கடையில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"பஸ் டிப்போக்காரங்க டப்பா டப்பாவா அள்ளிட்டுப் போயிட்டாங்க சார். பஸ் சீட்டெல்லாம் சிவப்பாமே."

அது உண்மைதான். திரும்பி வந்த பஸ்ஸில் ஒருத்தரும் உட்காரவில்லை. தெரியாமல் முன்னமே உட்கார்ந்து எழுந்தவர்கள் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு இறங்கினார்கள். கண்டக்டர், "இருக்கையைக் காத்தாட விடணும், யாரும் உட்காரக் கூடாது, ஆர்டர்" என்று கத்திக்கொண்டிருந்தார். "எந்த முட்டாப்பயல்யா இப்படி ஆர்டர் போட்டான்?" என்றார் கம்பியில் தொங்கிய ஒரு பெரியவர். "அதானே" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

மறுநாள் மனைவி லீவு போட்டாள். அதற்கடுத்த நாளும் போட்டாள். டயப்பர் இல்லாமல் துணியில் போட்டு வைத்திருந்ததில் புண் கொஞ்சம் வாடியது. மூன்றாம் நாள் அவள் மேலதிகாரி, இதற்குமேல் லீவு கேட்டால் வேலையை மறந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். நான் கேட்ட லீவை எங்கள் இயக்குநர் கிழித்துப் போட்டார். 'இருக்கை நல வாரம்' வருகிறது, அமைச்சர் வருகிறார், சொல்லின் தந்தையே இல்லாமலா என்றார். குழந்தையின் தந்தை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பூசணி மறுபடியும் காப்பகத்துக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது தோல் உரிந்திருந்தது. தொடை இடுக்கில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி வேறு.

டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் தலையில் நாற்காலியோடு வரிசையில் நின்றார்கள். வெயிலில் வைத்ததில் ரெக்ஸின் உப்பிக் கொப்புளம் கிளம்பிவிட்டதாம். ஒருவர் தன் நாற்காலிக்கு ஓ.பி. சீட்டே வாங்கிவிட்டார். வயது என்ற இடத்தில் நாற்காலி வாங்கிய வருஷத்தைப் போட்டிருந்தார்.

டாக்டரம்மா பூசணியைக் குப்புறப் போட்டுப் பார்த்தார். முகம் கடுத்தது.

"சாதாரண டயப்பர் புண்ணா இருந்தது இப்ப பூஞ்சைத் தொற்று வரைக்கும் போயிருக்கு. இதுக்கு வேற மருந்து தர்றேன். வெள்ளைக் களிம்பு கிடைக்கலன்னா பெட்ரோலியம் ஜெல்லி போதும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. நனைஞ்சதும் மாத்தணும், காத்தாட விடணும். அந்தக் காப்பகத்துல அதைச் செய்யலன்னா நான் தர்ற மருந்தெல்லாம் தண்டம். இன்னும் மோசமானா அட்மிட் பண்ண வேண்டி வரும்" என்றார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, "ஆமா, நான் ஒழுங்காத்தானே எழுதிக் கொடுத்தேன்? யாருங்க அந்த இருக்கையைக் கண்டுபிடிச்ச மேதாவி?" என்றார்.

நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படித்தேன்.

"இவர்தான் டாக்டர்" என்றாள் மனைவி.

வெளியே வந்ததும் பூசணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. "உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வெக்கம். அதுக்கு என் பிள்ளை எரிஞ்சு சாகணுமா? நாளைக்குச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா வராதீங்க" என்றாள். என் தோளுக்குப் பூசணியைத் தரவும் இல்லை. வழி நெடுகப் பூசணியின் விசும்பல் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் வேறு வழியில்லாமல் பூசணியைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் மேலே வந்தேன். இருக்கை நல வாரத்துக்கான ஏற்பாட்டுக் கூட்டம். இயக்குநரின் நாற்காலி சிவப்பு வெல்வெட். அதற்கும் களிம்பு பூசிச் சன்னல் ஓரத்தில் வைத்திருந்ததால் அவர் நின்றுகொண்டே தலைமை தாங்கினார். அவர் நிற்கும்போது நாங்கள் உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்று நாங்களும் நின்றோம்.

"பாருங்க, எவ்வளவு பெரிய வெற்றி! இந்தத் துறை வரலாற்றிலேயே ஒரு சுற்றறிக்கையை ஜனங்க அப்படியே கடைப்பிடிச்சது இதுதான் முதல் தடவை. ஊர்ல ஒரு நாற்காலி அழுக்கா இல்ல" என்றார் இயக்குநர்.

"குழந்தைங்களுக்குக் குறைஞ்சிருக்கா சார்?" என்றேன்.

"குழந்தைங்களுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் சட்ட அலுவலர். "அதைத்தான் அன்னிக்கே எடுத்துட்டோமே."

"சார், ஒரு திருத்தம் போடணும். இருக்கைன்னா நாற்காலின்னு நினைச்சுட்டாங்க."

"சரி, வேற சொல் சொல்லுங்க" என்றார் பேராசிரியர், ஆவலாக. "நான் அன்னிக்கே பிருட்டம்னு..."

"குண்டி" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன?" என்றார் சட்ட அலுவலர்.

"குண்டி சார்! குண்டி!" இரண்டாவது தடவை கத்திவிட்டேன் போலிருக்கிறது, வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. "என் மகளோட குண்டி. தோல் உரிஞ்சு கிடக்கு. தண்ணி பட்டா அலறுறா. அவ கத்துறா, கீழ நாற்காலிக்குக் களிம்பு பூசிக்கிட்டு இருக்காங்க. நான் எழுதினது சார் அது. என் புள்ளையை நானே..." அத்தனை பேர் முன்னால் அழுதேன். அழுகைக்குக் கௌரவமான சொல் எங்கள் குழுவில் இருக்கிறது. அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். சட்ட அலுவலர், தான் இந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை என்று எழுதிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போனார். இயக்குநர் மட்டும் போகவில்லை. கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். சஸ்பென்ஷன்தான் என்று நினைத்தேன்.

"எரியுமா?" என்றார்.

"என்ன சார்?"

"பாப்பாவுக்கு. எரியுதா, இல்ல அரிக்குதா?"

"எரியுது சார்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ரெண்டும் இருக்குய்யா. இந்த வெல்வெட்டுல நாள் முழுக்க உக்காந்து உக்காந்து, வியர்வை. வருஷக் கணக்கா. டாக்டர்கிட்ட போனேன். என்ன பிரச்சினைன்னு கேட்டார். என் இருக்கையில கொஞ்சம் சிரமம்னு சொன்னேன். நீங்க அந்தச் சொல்லைச் சொன்னதுக்கு அப்புறம்தான் சொல்லவே தைரியம் வந்துச்சு. அவர் நாற்காலியை மாத்துங்கன்னுட்டார். மாத்தினேன், அதுவும் வெல்வெட்டுதான். மறுபடி போனேன், குஷன் வாங்கச் சொன்னார்."

பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நனைஞ்சா மாத்தணும் சார். தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். முக்கியமா காத்தாட விடணும்."

"எதை?" என்றார், பழக்க தோஷத்தில். அப்புறம் அவரே கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம், புரிஞ்சுது. காத்தாட விட்டா சரியாயிடுமா?"

"விட்டாதான் சார் சரியாகும். குறையலன்னா தோல் டாக்டர்கிட்ட போங்க. அங்க போய் இருக்கைன்னு சொல்லாதீங்க."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். "திருத்தத்தை எழுதிட்டு வாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்." சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார். அன்றிலிருந்து மதியம் ஒரு மணி நேரம் அவர் அறைக்கு வெளியே 'ஆலோசனையில் உள்ளார்' என்று பலகை தொங்கும். உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் ஓடும் சத்தம் கேட்கும்.

திருத்தத்தை நானே கீழே எடுத்துக்கொண்டு ஓடினேன். பொறுப்பாளர் அம்மா வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார். "அட, குண்டியா சார்! இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க பாட்டுக்கு மாத்திட்டு இருந்திருப்போமே" என்றார். அங்கேயே நாற்காலிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆயாக்கள் குழந்தைகளிடம் ஓடினார்கள். பூசணியைக் கழுவி, ஒற்றி, ஒரு துண்டில் குப்புறப் படுக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் விசும்பல் அடங்கியது. கையை நீட்டி என் ஷூ கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆனால் நான் எழுதினால் சும்மா விடுமா? அவசரத்தில் திருத்தத்தை இப்படி எழுதியிருந்தேன்: 'இத்துறையின் எழுத்துகள் அனைத்திலும் இருக்கை என வரும் இடங்களில் எல்லாம் குண்டி எனத் திருத்தி வாசிக்கவும்.'

அமைச்சர் வந்த நாள் மண்டப வாசலில் பெரிய பதாகை: 'குண்டி நல வாரம்.' அதில் தப்பே இல்லை, சரியாகச் சொன்னால் முதல் தடவையாகச் சரியாக இருந்தது. உள்ளே நுழைந்ததும்தான் என் திருத்தம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்தது. முன்வரிசையில் அட்டை ஒட்டியிருந்தார்கள்: 'இந்தக் குண்டிகள் சிறப்பு விருந்தினர்களுக்கு மட்டும்.' பக்கவாட்டில்: 'தங்கள் குண்டியின் எண்ணைச் சரிபார்த்த பின் அமரவும்.' பின்பக்கத்தில்: 'உடைந்த குண்டி, பயன்படுத்த வேண்டாம்.' ஓடிப்போய்க் கிழிப்பதற்குள் அமைச்சரின் கார் வந்துவிட்டது.

மேடையில் அறிவிப்பாளர் எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். "மாண்புமிகு அமைச்சர் அவர்களைத் தமது குண்டியில் அமருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

அமைச்சர் வேறு எப்படி அமர முடியும்? அமர்ந்தார். பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை மட்டும் கெக்கலித்தது. அப்புறம் கூட்டமே வெடித்துச் சிரித்தது. அமைச்சர் எழுந்து நின்று, "இதுக்கு யார் பொறுப்பு?" என்றார்.

மேடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு குழு இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நான்தான் சார். ரெண்டு தடவையும் நான்தான்" என்றேன்.

விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது இயக்குநர் பின்னாலேயே வந்தார். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நின்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கு ஆறிடுச்சுய்யா" என்று காதோடு சொன்னார். விறுவிறு என்று மேலே ஏறிப் போய்விட்டார்.

இப்போது பகலில் பூசணி என்னோடுதான். மனைவி நிம்மதியாக வேலைக்குப் போகிறாள். காலையில் கிளம்பும்போது "மாத்த மறந்துடாதீங்க" என்பாள், மறப்பதில்லை. நனைந்ததும் கழற்றுகிறேன், கழுவுகிறேன், ஒற்றுகிறேன். சன்னல் ஓரத்தில் துண்டு விரித்துக் குப்புறப் போட்டு வைக்கிறேன். புள்ளிகள் மறைந்துவிட்டன. புதுத் தோல் வந்திருக்கிறது. மேலே எழுதிப் போட எனக்கு இப்போது ஒரு சொல்லும் தோன்றவில்லை, சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று அப்படி அவளைக் காற்றாடப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மா.

"சார், பாப்பா எப்படி இருக்கா? இங்க எல்லாக் குழந்தைக்கும் தேவலாம் ஆயிடுச்சு. ஒரு சந்தேகம் கேக்கணும். அந்த நாற்காலிங்க."

"அதுக்கென்னம்மா?"

"காத்தாட வைக்கச் சொன்னீங்க, வச்சோம். அப்புறம் அது நாற்காலி இல்ல, குண்டின்னு திருத்தம் வந்துச்சு. நாற்காலியை என்ன செய்றதுன்னு ஒண்ணுமே வரலையே சார். அன்னிலேருந்து நாங்க யாரும் உக்காரவே இல்ல. காலெல்லாம் வீங்கிப் போச்சு. உக்காரலாம்னு எழுத்துல ஒண்ணு குடுத்துடுறீங்களா?"

என் கை தானாகப் பேனாவைத் தேடியது. 'அமர்வு இசைவாணை' என்று ஒரு சொல்கூட நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பூசணி துண்டில் புரண்டு என்னைப் பார்த்தாள். பேனாவை எடுத்து அவள் கைக்கு எட்டாமல் தூரத் தள்ளிவிட்டேன். என் கைக்கும்தான்.

"எழுத்தெல்லாம் வேணாம்மா. வாயால சொல்றேன். உக்காருங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த அம்மா, "அப்பாடா" என்றார்.